மூலநிரலும் கற்போர் மரபும்

(குளத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக விளங்கிய காலத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என மூன்று தாலுகாக்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்குத் தன் பெயரை அளித்த இந்த ஊரில், கற்றோரும் கற்போரும் கூடியிருக்கும் இந்த அவையில் பேசக் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பெரும் பேறாகக் கருதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட விஷயம், லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியில் வைஃபை அடாப்டர் ஒன்றை வேலை செய்ய வைப்பதற்காக, அதன் டிரைவரை, மனிதர் படிக்கும் வடிவிலுள்ள மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, கெர்னலோடு ஒரு மாட்யூலாகச் சேர்ப்பது. பட்டறையில் பேசவேண்டியதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்துவிட்டானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால், கணினியை வாங்கிப் பயன்படுத்துகிறவர் என்ற நிலையிலிருந்து, அதன் உள்ளே நடப்பதைப் படித்தறிந்து பேணுகிறவர் என்ற நிலைக்கு நம் பிள்ளைகள் ஏறுவதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் முதற்படி இந்தச் சிறு காரியமே என்பது என் திடமான அபிப்பிராயம். அதனாலேயே இதைப் பலரறியப் பேசத் துணிந்தேன்.

இந்த விஷயத்துக்கும் நம் வீடுகளுக்கும் உள்ள சம்பந்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், அண்ணாவின் பிறந்தநாளன்று, தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட்டின் வழியே வந்த அந்தக் கணினிகளில் விண்டோஸோடு கூட பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் வைக்கப்பட்டிருந்தது. பாஸ் லினக்ஸ் வேறெங்கோ ஆக்கப்பட்டு நம்மிடம் வந்ததன்று. டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு, சென்னையிலுள்ள சீ-டாக் மையத்தில் உருவாக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அந்த மடிக்கணினிகளுள் பல இன்றும் நம் கிராமங்களில் அலமாரிகளிலும் பரண்களிலும் இருக்கின்றன. புதிய விண்டோஸைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. ஆயினும் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் எழுதவும் படிக்கவும் நிரல் கற்கவும் அவை தாராளமாக உதவும். அப்படி நிறுவிய மாணவர், உள்ளிருந்த வைஃபை கருவி பழுதாகிவிட்டதென்று சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி அடாப்டரை வாங்கிச் செருகுகிறார். விளக்கு எரிகிறது, இணைப்புகளின் பட்டியல் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்திலே பலர் மனம் தளர்ந்து, லினக்ஸ் நமக்கு ஒத்துவராது என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். நான் பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

அடாப்டருக்குள்ளே ஒரு சிப் இருக்கிறது. எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு சக்தியோடு அலையைச் செலுத்துவது, வந்த செய்தியை எங்கே வைப்பது என்பவற்றையெல்லாம் அதனுள் அமைந்த ரிஜிஸ்டர்கள் என்னும் சிறு இடங்களில் குறிப்பிட்ட எண்களைக் குறிப்பிட்ட வரிசையில் எழுதுவதன் மூலமே அதற்குத் தெரிவிக்க முடியும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. நினைவகத்தையும் செயலியையும் எல்லாக் கருவிகளையும் பரிபாலனம் செய்வது அதன் கடமை. இந்த ஒரு சிப்பின் பாஷையை அறிந்து, கெர்னலின் பொதுவான கட்டளைகளை அந்தப் பாஷைக்கு மாற்றித் தரும் நிரலே டிரைவர். பல சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் என்னும் வேறொரு கோப்பும் வேண்டும். அது கணினியின் செயலியில் ஓடாமல், ஒவ்வொரு முறையும் சிப்புக்குள்ளேயே ஏற்றப்பட்டு அங்கே ஓடுவது. இவ்விரண்டின் வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளாதவர்கள், டிரைவர் சரியாக இருக்க, ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று இல்லாத குறைக்காக டிரைவரையே திரும்பத் திரும்பக் கம்பைல் செய்து காலத்தை வீணாக்குவதுண்டு.

டிரைவர் என்பது ஏதோ ஓர் உதிரிச் சாமான் என்று எண்ணாதீர்கள். கட்டற்ற மென்பொருள் என்னும் உலகளாவிய இயக்கமே ஒரு கருவியை இயக்கும் நிரலின் மூலம் கிடைக்காமற்போன ஏக்கத்திலிருந்து பிறந்தது. 1980ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவிலுள்ள எம்ஐடி கல்விக்கூடத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஸெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுயந்திரம் ஒன்று வந்தது. தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் அந்த யந்திரம், சிக்கிய செய்தியைக் காத்திருப்போருக்கு அறிவிக்கும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் நேரில் சென்று கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று தாம் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். தம் யந்திரத்தைத் தாமே சீர்திருத்திக்கொள்ள இயலாத நிலை எத்தகைய அடிமைத்தனம் என்பதை அந்த மறுப்பில் உணர்ந்த ஸ்டால்மன், எவரும் படித்துத் திருத்தக்கூடிய இயங்குதளம் ஒன்றை ஆக்கும் குனு திட்டத்தை 1983 செப்டம்பரில் அறிவித்தார். நாம் இன்று டிரைவரைக் கம்பைல் செய்யப் பயன்படுத்தும் ஜிசிசி என்னும் கம்பைலர் அத்திட்டத்தின் பயனாக 1987இல் வெளிவந்தது. 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் சிறு கெர்னலைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டிலேயே அதை, எவரும் திருத்திப் பகிர இடமளிக்கும் ஸ்டால்மனின் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். மூன்று கோடி வரிகளைத் தாண்டி வளர்ந்துவிட்ட அந்தக் கெர்னலின் மூலநிரலில் பாதிக்கு மேற்பட்ட பகுதி டிரைவர்களே என்பதை நினைத்தால், இந்தப் பொருளின் கனம் விளங்கும்.

கம்பியில்லாக் கருவிகளின் விஷயத்தில் இந்தப் போராட்டம் மிகவும் கடுமையாக இருந்தது. வானொலி அலைகளை அரசாங்கங்கள் கட்டுப்படுத்துவதாலும், சிப்பின் உட்கூறுகளைப் போட்டியாளர் அறியக்கூடாது என்ற எண்ணத்தாலும், நிறுவனங்கள் பல தம் கருவிகளின் விவரக்குறிப்புகளை வெளியிட மறுத்தன. பிராட்காம் நிறுவனத்தின் சிப்புக்கு டிரைவர் எழுத முனைந்த தொண்டர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒரு குழு, நிறுவனத்தின் மூடிய டிரைவரை ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதி வைத்தது. மற்றொரு குழு, மூடிய நிரலைக் கண்ணாலும் பாராமல், அந்த விளக்கத்தை மாத்திரம் படித்துப் புதிய டிரைவரை இயற்றியது. பிறர் எழுத்தைத் திருடினோம் என்ற பழி வராதபடி அவ்வளவு நேர்மையோடு செய்யப்பட்ட அந்த டிரைவர், 2006 ஜூனில் வெளியான 2.6.17 பதிப்பில் கெர்னலுக்குள் சேர்ந்தது. விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவரையே லினக்ஸில் ஒரு போர்வைக்குள் வைத்து ஓட்டும் என்டிஐஎஸ்ரேப்பர் என்னும் உபாயத்தையும் அக்காலத்தில் பலர் கையாண்டனர். பின்னர் நிறுவனங்களின் மனமும் மெல்ல மாறிற்று. எத்தரோஸ் நிறுவனம் 2008இல் ஏத்9கே என்னும் டிரைவரைத் திறந்த மூலமாகவே வெளியிட்டது. பிராட்காம் 2010 செப்டம்பரில் அவ்வழிக்கு வந்தது. அந்த ஏத்9கே டிரைவரைப் பேணுவோரின் பெயர்ப்பட்டியல் கெர்னலின் மூலத்தோடு எவரும் பார்க்கும்படி வெளிவந்தது. அதில் வசந்தகுமார் தியாகராஜன், செந்தில் பாலசுப்பிரமணியன் என்னும் பெயர்கள் இருந்தன. உலகமெங்கும் பரவிய ஒரு டிரைவரின் பொறுப்பாளர்களாக இத்தகைய பெயர்கள் அங்கே நின்றதை, இந்த வேலை நம்மவர்க்கு எட்டாதது என்று சொல்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இனிக் காரியத்தின் முறைக்கு வருவோம். முதற்கடமை, கையிலிருக்கும் கருவி யாது என்று தேறுவது. பெட்டியின் மேலுள்ள பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்னும் அடாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதற்பதிப்பில் எத்தரோஸ் ஏஆர்9271 சிப் இருந்தது. அதற்குரிய டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் செருகியவுடன் வேலை செய்தது. இரண்டாம் பதிப்பில், பெயரையும் உருவத்தையும் மாற்றாமல், உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8188இயுஎஸ் என்னும் வேறொரு சிப்பை வைத்துவிட்டார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு அதே பெயருள்ள அடாப்டரை வாங்கிய மற்றொருவருக்கு அது வேலை செய்யாமற் போனதற்கு இதுவே காரணம். ஆகையால் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்னும் கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி கருவியின் எதிரிலும், நடுவே முக்காற்புள்ளியிட்ட இரண்டு நான்கிலக்கக் குறியீடுகள் தோன்றும்; முன்னது செய்தவர் இன்னார் என்பதையும், பின்னது பொருள் இன்னது என்பதையும் காட்டும். கெர்னல் எந்த டிரைவரை எந்தக் கருவியோடு சேர்ப்பது என்று தீர்மானிப்பதும் இந்த எண்களைக் கொண்டே. ஒவ்வொரு டிரைவரும் தனக்குரிய எண்களின் அட்டவணை ஒன்றைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது.

எண்ணை அறிந்தபின், அந்தக் கருவிக்குரிய டிரைவர் கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது கடமை. இதில் அவசரம் கூடாது. ரியல்டெக்கின் யுஎஸ்பி சிப்புகள் பலவற்றுக்கு நெடுங்காலம் வெளியிலிருந்து டிரைவர் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் 2023 பிப்ரவரியில் வந்த 6.2 பதிப்பிலேயே ஆர்டிஎல்8821சியு, 8822பியு போன்றவை கெர்னலின் ஆர்டிடபிள்யூ88 டிரைவருக்குள் அடங்கிவிட்டன. பின்னர் வந்த பதிப்புகளில் 8812ஏயு, 8821ஏயு ஆகியவையும் சேர்ந்தன. புதிய கெர்னலை நிறுவினாலே தீர்ந்துவிடும் குறைக்கு வெளியிலிருந்து மூலத்தைக் கொண்டுவந்து கம்பைல் செய்வது வீண் பிரயாசை. பழைய கெர்னலை விட்டு நகர முடியாத கணினிக்கும், இன்னும் கெர்னலில் இடம்பெறாத சிப்புக்குமே கம்பைல் செய்வது அவசியமாகிறது.

அத்தகைய அவசியம் நேர்ந்தால் மூன்று சாதனங்களைச் சேகரிக்க வேண்டும்: ஜிசிசி கம்பைலரும் மேக் என்னும் கருவியும் ஒன்று, டிரைவரின் மூலநிரல் இரண்டு, கெர்னலின் ஹெட்டர் கோப்புகள் மூன்று. கம்பைலரும் மேக்கும் டெபியன், உபுண்டு குடும்பத்தில் பில்டு-எசென்ஷியல் என்னும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. இணைய இணைப்புக்காகவே டிரைவரைத் தேடும் கணினியில் இவற்றை எப்படி இறக்குவது என்ற கேள்வி உடனே எழும். கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால், லினக்ஸ் அந்தக் கைபேசியை ஒரு கம்பிவழி இணைப்பாகவே பாவித்துக்கொள்ளும். அதற்குரிய டிரைவர் பொதுவான எல்லா லினக்ஸ் பதிப்புகளிலும் முன்பே இருக்கிறது. நாட்டுப்புறத்தில் இதைவிட எளிய வழி வேறில்லை.

ஹெட்டர் கோப்புகளின் விஷயத்தில் விசேஷ கவனம் வேண்டும். கெர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு செயற்கூறும் எத்தனை மதிப்புகளை எந்த வகையில் எதிர்பார்க்கிறது, ஒவ்வொரு தரவுக் கட்டமைப்பிலும் எந்த உறுப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றை அவை அறிவிக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலும் நிறுவிய ஹெட்டரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். யூநேம் என்னும் கட்டளையைச் சிறிய ஆர் என்ற குறியோடு கொடுத்தால், ஓடும் கெர்னலின் முழுப் பெயர் தெரியும்; அந்தப் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்த ஹெட்டரையே நிறுவ வேண்டும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்காமல் இருந்தால், வட்டில் இருப்பது புதியதும் ஓடுவது பழையதுமாக இருக்கும். அந்நிலையில் பில்டு என்னும் ஃபோல்டர் இல்லையென்று மேக் நின்றுவிடும். காரணம் தெரியாதவர்க்குப் பெரிய தடையாகத் தோன்றும் இது, காரணம் தெரிந்தவர்க்குக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்வதோடு தீர்ந்துவிடும்.

எல்லாம் கூடியபின், மூலநிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் சென்று மேக் என்று கொடுக்கிறோம். மேக், 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றிய கருவி. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஆராய்ந்து, தேவையானவற்றை மாத்திரம் உரிய வரிசையில் கம்பைலரிடம் ஒப்படைப்பது அதன் தொழில். இங்கே அது கெர்னலின் சொந்தக் கட்டுமான விதிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சி மொழியில் எழுதிய கோப்புகளை ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாற்றி, ஒன்றாகக் கோத்து, அவை கெர்னலிடம் கேட்கும் பெயர்களெல்லாம் உண்மையாகவே கெர்னலில் உள்ளனவா என்று சோதித்து, கே.ஓ. என்று முடியும் ஒரு கோப்பைத் தருகிறது; அதுவே மாட்யூல். திரையில் ஓடும் வரிகளைக் கண்டு மிரள வேண்டாம். எச்சரிக்கை என்று வருபவை பெரும்பாலும் காரியத்தை நிறுத்துவதில்லை. பிழை என்று வருபவையே நிறுத்துகின்றன. பிழைகள் நூறு வந்தாலும் முதற்பிழையை மாத்திரம் படியுங்கள், ஏனெனில் பின்வருபவை பலவும் அதன் விளைவுகளே. அந்த முதற்பிழை கோப்பின் பெயரையும் வரியின் எண்ணையும் கூறும். அந்த வரியைத் திறந்து பார்க்கும் கணத்தில் மாணவர் வாசகராகிறார்.

பிறந்த மாட்யூலை நிறுவிய பின், மாட்ப்ரோப் என்னும் கட்டளையால் கெர்னலில் ஏற்றுகிறோம். ஏற்ற மறுத்தால் அதற்கும் காரணம் உண்டு. மாட்யூலுக்குள் அது எந்தக் கெர்னலுக்காகக் கட்டப்பட்டது என்னும் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. ஓடும் கெர்னலோடு அது ஒவ்வாவிட்டால், வடிவம் தவறு என்ற செய்தியோடு கதவு அடைபடும். நம்பத்தக்க நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் என்னும் காப்பு இயங்கும் கணினியில், நம்பத்தக்க திறவுகோலால் கையொப்பமிடாத மாட்யூலைக் கெர்னல் ஏற்பதில்லை. அங்கே மாணவரே தமக்கென ஒரு திறவுகோலை உண்டாக்கி, அதைக் கணினியில் பதிவு செய்து, அதனால் மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டும். ஃபர்ம்வேர் கோப்பு இல்லாவிட்டால், இன்ன பெயருள்ள கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறது; டிமெசேஜ் என்னும் கட்டளை அந்த நாட்குறிப்பை நமக்குப் படித்துக் காட்டும். எங்கே நின்றேன், ஏன் நின்றேன் என்று இத்தனை பணிவோடு தெரிவிக்கும் யந்திரத்தை, அது தெரிவிப்பதைக் கேளாமலே குறை கூறுவது முறையன்று.

அடாப்டர் உயிர்பெற்றதும் ஒரு கடமை எஞ்சுகிறது. காற்றில் அலையைச் செலுத்துவது பொதுச் சொத்தைப் பயன்படுத்துவதாகும். 2,400 முதல் 2,483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை உரிமமின்றி இயக்கலாம் என்று இந்திய அரசு 2005 ஜனவரியில் அறிவித்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் கட்டடங்களுக்கு வெளியே இயக்குவதற்கான தளர்வு 2018 அக்டோபரில் வந்தது. இந்த நாட்டு விதிகளை லினக்ஸ் கெர்னல் ஓர் அட்டவணையில் வைத்திருக்கிறது. இந்தியா என்ற நாட்டுக் குறியீட்டைச் சரியாக அமைத்துவிட்டால், டிரைவர் அந்த எல்லைக்குள்ளேயே நடந்துகொள்ளும். வேறு நாட்டின் குறியீட்டை வைத்துச் சக்தியைக் கூட்டிக்கொள்ளும் வழிகளைச் சிலர் போதிப்பார்கள், அவற்றைக் கைக்கொள்ளாதீர்கள்.

மற்றோர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்யூல் கெர்னலுக்குள் சென்றுவிட்டால், கெர்னலுக்குரிய அதிகாரம் முழுவதும் அதற்கும் வந்துவிடுகிறது. அதில் ஒரு தவறு இருந்தால் கணினியே உறைந்து நிற்கலாம். வஞ்சகம் இருந்தால் கணினியிலுள்ள எதுவும் அதன் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே எவரோ கட்டிக்கொடுத்த மாட்யூலை வாங்கி ஏற்றாமல், பலர் பார்த்துத் திருத்திவரும் மூலத்தை எடுத்து, கட்டளைகளைப் பொருள் தெரிந்தபின் கொடுத்து, தம் கணினியிலேயே கட்டிக்கொள்வது விவேகம்.

இவ்வளவும் செய்து வெற்றி கண்ட மாணவருக்குச் சில வாரங்களில் ஒரு சோதனை வருகிறது. கெர்னல் புதுப்பிக்கப்படுகிறது, நேற்றுவரை வேலை செய்த அடாப்டர் இன்று ஊமையாகிறது. இதன் காரணத்தை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. பயனருக்கான நிரல்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை அது மீறுவதில்லை. ஆனால் தன் உள்ளமைப்பை மட்டும் எப்போது வேண்டுமானாலும் செம்மைப்படுத்தும் சுதந்திரத்தை அது விட்டுக்கொடுத்ததில்லை. 2018 ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில் நேரக்கணிப்பு அமைப்பைத் தொடங்கும் முறை மாறிற்று. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில், தகவல் கோப்புகளைக் கெர்னலிலிருந்து வெளிக்காட்டும் முறை மாறிற்று. கெர்னலின் மூலத்துக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை, மாற்றத்தைச் செய்கிறவரே கூடவே திருத்திவிடுகிறார். அது அங்கே தர்மமாகப் போற்றப்படுகிறது. வெளியே நிற்கும் டிரைவர்களை அவர் அறியார். ஆகவே அவை அந்தந்தப் பதிப்பில் அப்படியே முறிந்தன. டெல் நிறுவனத்தார் 2003இல் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்னும் அமைப்பு, கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் மாட்யூலைத் தானே மறுபடி கம்பைல் செய்துவிடும். அது மிகவும் பிரயோஜனமானது. ஆயினும் பழைய முறையில் எழுதிய வரியைப் புதிய முறைக்கு மாற்றி எழுதும் அறிவு அதற்கு இல்லை. அந்த அறிவு, மூலத்தைப் படிக்கும் மனிதரிடமிருந்தே வரவேண்டும்.

இங்கே என் பேச்சின் மையத்துக்கு வந்துவிட்டேன். நம் மாவட்டத்துக் குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறைச் சரிவில், உலகப் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதிகளாக, நான்கு நான்காகத் தொகுத்த சுரங்கள் அங்கே வரிவரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியர் என்பவரின் மாணாக்கரும் சிவபக்தருமான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காக அவற்றை ஆக்கினார் என்று கல்வெட்டே தெரிவிக்கிறது. அவர் மகேந்திரவர்ம பல்லவரே என்பாரும், அன்று என்பாரும் உண்டு. பாறை பொதுவிடத்தில் இருக்கிறது. எழுத்துகள் படிக்கக் கூடியவை. மாணாக்கர்க்கென்றே ஆக்கப்பட்டது என்ற வாக்கியமும் இருக்கிறது. அப்படியிருந்தும் அதை ஐயமறப் பாடிக்காட்ட இன்று எவராலும் இயலவில்லை. ஒரே சுரத்தின் எழுத்து வெவ்வேறு உயிரொலிகளோடு வருவதற்குப் பொருள் என்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் மாறுபடுகிறார்கள். அந்தப் பொருள் ஆசிரியரின் நாவிலும் மாணாக்கரின் செவியிலும் வாழ்ந்தது; அந்தப் பரம்பரை அறுந்தபோது பொருளும் மறைந்தது. மூலநிரலின் கதியும் இத்தகையதே. அதைப் பொதுவில் வெளியிட்டு விட்டோம் என்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. படிக்கிறவரும், கம்பைல் செய்கிறவரும், காலத்துக்கேற்பத் திருத்துகிறவரும், திருத்தியதை அடுத்தவருக்குக் கற்பிக்கிறவரும் தொடர்ந்து இருந்தால்தான் அது உயிரோடிருக்கும்; இல்லையேல் சில ஆண்டுகளுக்குள் எந்தக் கெர்னலிலும் கட்டப்படாத வெறும் எழுத்தாக அது நின்றுவிடும்.

அத்தகைய பேணுநர் ஒருவரை நன்றியோடு நினைக்கிறேன். லாரி ஃபிங்கர் என்னும் அமெரிக்கர், பிராட்காம் சிப்புக்கான டிரைவர் வேலையில் 2005ஐ ஒட்டி ஈடுபட்டு, பின்னர் ரியல்டெக் சிப்புகளின் டிரைவர்களைத் தம் பொறுப்பாகவே ஏற்றுக்கொண்டு, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட திருத்தங்களைக் கெர்னலுக்கு அளித்தார். பிறர் ஓய்ந்து அமரும் பிராயத்திலும், முன்பின் அறியாத எத்தனையோ பேர் அனுப்பிய பிழைச் செய்திகளைப் படித்து விடையளித்துவந்த அவர், 2024 ஜூனில் 84ஆம் வயதில் காலமானார். விலை மலிந்த அடாப்டர்கள் நம் பழைய மடிக்கணினிகளில் வேலை செய்வதற்குப் பின்னால், இத்தகையோரின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைப் பெற்றுக்கொண்ட நாம் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

கொடுக்கும் வழி திறந்தே இருக்கிறது. கெர்னலுக்குத் திருத்தம் அனுப்புவதற்குப் பட்டமோ பதவியோ கேட்பதில்லை. எந்த வரியை ஏன் மாற்றினேன் என்ற தெளிவான விளக்கமும், இது நான் அளிக்க உரிமையுள்ளது என்று உறுதி கூறும் கையொப்ப வரியும் கொண்ட ஒரு சாதாரண மின்னஞ்சலே போதும். புதிய அடாப்டர் ஒன்றின் எண்ணை டிரைவரின் அட்டவணையில் சேர்க்கும் ஒரு வரித் திருத்தமும், அந்த அடாப்டரை வாங்கிய உலகத்து மக்கள் எல்லோருக்கும் பயன்படும் தானமாகிறது. தமிழ்நாட்டில் இதற்குத் துணைநிற்போர் இல்லாமல் இல்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல்லாண்டுகளாகக் கூடிவருகிறது. கணியம் இதழ் 2012 ஜனவரி முதல் கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்கென்றே ஒரு குழு தொண்டாற்றுகிறது. மூலத்தைப் படிக்க ஆங்கிலமும் சி மொழியும் வேண்டியிருப்பது உண்மைதான். ஆயினும் காரணத்தைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு அவ்விரண்டும் விரைவில் வசப்படும்.

நம் மாவட்டத்தாருக்குப் பெருந்திரளாகக் கற்பது புதிதன்று. 1991இல் அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் இங்கே எழுந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தோடு, ஊர் ஊராகத் தொண்டர்கள் மாலைநேரங்களில் கற்பித்தார்கள். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் கற்ற கிராமத்துப் பெண்களின் தொகை பெருகிற்று, புதுக்கோட்டையின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. சைக்கிள் ஓட்டினால் என்ன வந்துவிடும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். பிறர் தயவை எதிர்பாராமல் தம் வேலைக்குத் தாமே போய்வரும் சுதந்திரம் வந்தது. அந்த இயக்கம் கண்ட மண்ணில், கணினி விஷயத்திலும் அத்தகைய சுதந்திரத்தை நாம் விரும்பக் கூடாதா?

ஆகவே இவ்வூர் ஆசிரியர்களிடமும் இளைஞர்களிடமும் மூன்று காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். முதலாவதாக, பரணில் கிடக்கும் மடிக்கணினிகளை ஓரிடத்தில் சேர்த்து, அவற்றில் லினக்ஸை நிறுவி, ஓய்வுநாட்களில் கூடிப் பழகுங்கள். கம்பைலரையும், அந்தக் கணினிகளின் கெர்னலுக்கு ஒத்த ஹெட்டர்களையும், நம் கடைகளில் விற்கும் அடாப்டர்களுக்குரிய மூலநிரல்களையும் ஒரு பென்டிரைவில் சேகரித்து, இணையம் இல்லாத வீட்டுப் பிள்ளையும் எடுத்துச் செல்லும்படி வையுங்கள். இரண்டாவதாக, எந்த அடாப்டரில் எந்த எண் கொண்ட சிப் இருந்தது, எந்தக் கெர்னலில் என்ன பிழை வந்தது, அது எப்படித் தீர்ந்தது என்பதைத் தமிழில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கு அதைவிடச் சிறந்த பாடநூல் கிடைக்காது. மூன்றாவதாக, நீங்கள் கண்ட திருத்தத்தை உங்களோடு வைத்துக்கொள்ளாமல், அந்த டிரைவரைப் பேணுகிறவருக்கு அனுப்புங்கள். அவர் ஏற்காமல் குறை சுட்டிக் காட்டினால் வருந்தாமல் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அப்படிச் சுட்டிக் காட்டுவதுதான் அங்கே ஆசிரியர் மாணாக்கர் உறவு.

ஒரு யந்திரம் நம் வீட்டில் இருப்பதனால் மாத்திரம் அது நம்முடையதாகிவிடாது. அது ஏன் இயங்குகிறது என்று சொல்லவும், நின்றால் இயக்கவும், இயக்கக் கற்றதைப் பிறர்க்கு ஈயவும் வல்லவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அது உண்மையில் நமக்கு உரியதாகும். குளத்தூரில் பிறந்த ஒரு பிள்ளையின் பெயர், லினக்ஸ் கெர்னலின் திருத்த வரலாற்றில், தான் எழுதிய வரிக்குப் பொறுப்பேற்கும் கையொப்பமாக இடம்பெறவேண்டும் என்பது என் ஆசை. அதற்கு வேண்டிய மூலம் வெளியில் இருக்கிறது. சாதனங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டுவது சிரத்தை ஒன்றுதான். அந்தச் சிரத்தையோடு இந்த வாரமே ஒரு பழைய கணினியின் முன் அமருங்கள்.